பெற்றவளா, வளர்த்தவளா? ‘தி லைட் பிட்வீன் ஓஷன்ஸ்’ படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடலோரத்துக்கு அப்பால் ஒரு தனித்தீவு. அங்கே கலங்கரை விளக்கத்தைக் காக்கும் டாமும் அவன் மனைவி இஸபெல்லும், படகில் மிதந்துவந்த பச்சைக் குழந்தையைத் தங்கள் குழந்தை என்று ஊரை நம்பவைத்து வளர்க்கிறார்கள். டெரெக் சியன்ஃபிரான்ஸ் இயக்கி 2016இல் வெளிவந்த இந்தப் படத்தை ஒரே வீட்டில் சேர்ந்து பார்த்தவர்கள்கூட, முடிந்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். அந்த வாதங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கதையின் முடிவும் இதில் வருகிறது; இன்னும் பார்க்காதவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இது உண்மைக் கதையா?

இல்லை. எம். எல். ஸ்டெட்மன் 2012இல் எழுதிய நாவல்தான் மூலம். அவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். லண்டனில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். இதுவே அவருடைய முதல் நாவல். ஜேனஸ் ராக் என்ற தீவும் பார்ட்டகூஸ் என்ற துறைமுக ஊரும் கற்பனை. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள உலகம் கற்பனை அல்ல. இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சந்திக்கும் தென்மேற்கு மூலை நிஜம். அங்கே கேப் லீவினில் 1890களில் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. ஐம்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாட்டிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போருக்குப் பெயர் கொடுத்ததும், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வராததும் நிஜம். கதையின் நாயகி இஸபெல் தன் அண்ணன்மார் இருவரையும் போரில் இழந்தவள். இந்தச் சோகம் அன்று பல வீடுகளுக்குப் பொதுவானது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், படத்தின் முதல் அரை மணி நேரம் ஏன் அப்படி மௌனமாக நகர்கிறது என்பது விளங்கும்.

எங்கே படமாக்கினார்கள்?

பெரும்பகுதி நியூசிலாந்தில். படத்தில் காணும் கலங்கரை விளக்கம் தெற்குத் தீவின் மார்ல்பரோ பகுதியில் உள்ள கேப் கேம்ப்பெல். அங்கு முதல் விளக்கு 1870இல் ஏற்றப்பட்டது. இப்போதுள்ள இரும்புக் கோபுரம் 1905இல் எழுந்தது. அது தீவு அல்ல, நிலத்தின் முனை. கேமராவின் கோணம்தான் அதைத் தீவாக்குகிறது. ஊர்க் காட்சிகளில் கணிசமானவை டாஸ்மேனியாவின் ஸ்டான்லி என்ற சிற்றூரில் எடுக்கப்பட்டவை. நடிகர்கள் படப்பிடிப்பு நடந்த கேப் கேம்ப்பெல் கடல்முனையிலேயே தங்கினார்கள். காற்றில் பேச்சுக் குரல் அடிபட்டுப் போவதும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடப்பதும் அரங்கத்தில் உருவாக்கியவை அல்ல என்பது திரையில் தெரிகிறது.

விளக்கைக் காப்பவருக்கு அப்படி என்ன வேலை? டாம் ஏன் அவ்வளவு கறாரான ஆள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கோ, படத்தின் சாவியே இங்கேதான் இருக்கிறது என்று தோன்றும்.

அக்கால விளக்கு சுவிட்சைத் தட்டினால் எரிவதில்லை. மண்ணெண்ணெயை ஆவியாக்கி மேன்டில் என்ற வலைத்திரியில் எரிக்க வேண்டும். அதைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கண்ணாடிப் பட்டகங்கள் அடுக்கிய ஃபிரெனல் லென்ஸ். டன் கணக்கில் எடையுள்ள அந்த லென்ஸைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டால், விரலால் தள்ளினாலே சுழலும். சுழற்றுவது கடிகாரப் பொறி. கோபுரத்தின் நடுவே மெல்ல இறங்கும் எடைக்கட்டிதான் அதற்கு விசை. கட்டி அடியைத் தொடுவதற்குள் கையால் சுற்றி மேலேற்ற வேண்டும், இரவு முழுக்க. பகலில் விளக்கறையின் திரைகளை இழுத்து மூட வேண்டும். மறந்தால் அதே லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீவைத்துவிடும்.

இத்தனையோடு ஒரு பதிவேடும் உண்டு. காற்றின் திசை, கடந்துபோன கப்பல், பழுது, விபத்து என்று எல்லாவற்றையும் நாள்தோறும் எழுத வேண்டும். 1915 முதல் ஆஸ்திரேலியாவின் கடலோர விளக்குகள் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்துவிட்டதால், டாம் அரசு ஊழியன். அவன் எழுதுவது அரசு ஆவணம். போர்க்களத்தில் கண்டதையெல்லாம் மறக்க நினைப்பவனுக்கு இந்த ஒழுங்குதான் ஊன்றுகோல். ஐரோப்பாவின் மேற்கு முனைப் போரில் கூட இருந்தவர்கள் மாண்டுபோக, தான் மட்டும் காயமின்றித் திரும்பியதை அவனால் தாங்க முடியவில்லை. சரியாக எரியும் விளக்கும் பொய்யில்லாத பதிவேடும் இருந்தால் போதும், வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கிறான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள், ஒரேயொரு செய்தியை எழுதாமல் விடுகிறான்.

கதை சுருக்கமாக?

போரிலிருந்து திரும்பும் டாம் ஷெர்போர்ன் ஜேனஸ் தீவில் வேலைக்குச் சேர்கிறான். பார்ட்டகூஸில் இஸபெல்லைச் சந்திக்கிறான். கடிதங்கள் வழியே காதல் வளர்ந்து கல்யாணமாகிறது. மூன்றாண்டுக்குள் இருமுறை அவளுக்குக் கரு கலைகிறது. இரண்டாவது இழப்பு நடந்து சில நாட்களுக்குள், இறந்த ஆண் ஒருவனும் உயிரோடு ஒரு பெண் குழந்தையும் இருக்கும் துடுப்புப் படகு கரையில் ஒதுங்குகிறது. தகவல் அனுப்பப் போகிறவனை இஸபெல் மன்றாடித் தடுக்கிறாள். இறந்தவனைப் புதைத்துவிட்டு, குழந்தைக்கு லூசி என்று பெயரிட்டு, ‘குறைமாதத்தில் பிறந்துவிட்டது’ என்று ஊருக்குச் செய்தி சொல்கிறார்கள்.

பெயர்சூட்டும் சடங்குக்காகக் குழந்தையோடு ஊருக்கு வரும்போதுதான் டாம் பார்க்கிறான்: கல்லறை ஒன்றின் முன் ஒரு பெண் மண்டியிட்டிருக்கிறாள். கடலில் காணாமற்போன கணவன் ஃபிராங்க், மகள் கிரேஸ் இருவரின் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவள் ஹானா. குழந்தையின் தாய்.

சட்டப்படி தத்தெடுத்திருக்கலாமே?

நியாயமான கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியா தத்தெடுப்புக்கு 1896இலேயே சட்டம் இயற்றிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இதில் முந்திக்கொண்டது அந்த மாநிலம்தான். ஆக வழி இருந்தது. மனிதவாடையே இல்லாத தீவில் வாழும் தம்பதிக்கு எந்த அதிகாரியும் குழந்தையைத் தர மாட்டார், அநாதை இல்லத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்பது இஸபெல்லின் அச்சம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விண்ணப்பித்தால் முதலில் நடப்பது விசாரணை. விசாரித்தால் தாய் கிடைத்துவிடுவாள். இதை அவள் யோசித்தாளா, யோசிக்க மறுத்தாளா என்பதைப் படம் திறந்தே விடுகிறது. மார்பில் பால் கட்டியிருக்கும் பெண்ணிடம் போய் விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேச டாமுக்கும் நா எழவில்லை.

குழந்தையைத் தண்ணீரிலிருந்து எடுத்து வளர்ப்பது அவ்வளவு பெரிய குற்றமா? கர்ணனை ராதை வளர்க்கவில்லையா?

ராதையை யாரும் குறை சொல்வதில்லை, உண்மை. ஆனால் கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டவளே பெற்றவள். ஹானா யாரையும் எங்கும் விடவில்லை, அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். படகில் குழந்தையை எடுத்த அன்று நடந்தது கருணை என்றே வைத்துக்கொள்ளலாம். கல்லறையருகே ஹானாவைப் பார்த்த பிறகும் வாய் திறக்காமல் இருந்த ஆண்டுகளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அந்த எல்லைக்கோட்டைப் படம் மிகத் துல்லியமாகப் போட்டிருக்கிறது. அதைக் கடக்கும் கணத்தில் இடியும் இல்லை, மின்னலும் இல்லை. தேவாலயத்தில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், டாம் உள்ளே போகிறான், அவ்வளவுதான்.

டாம் ஏன் மொட்டைக் கடிதம் போட்டான்? ஒன்று சொல்லியிருக்க வேண்டும், இல்லையேல் சும்மா இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அவன் செய்ததிலேயே கொடுமையானது இதுதான் என்பேன். உன் கணவன் இறந்துவிட்டான், குழந்தை உயிரோடு நலமாக இருக்கிறது என்று ஹானாவுக்குப் பெயரில்லாமல் எழுதிப் போடுகிறான். எழுதியவன் நெஞ்சில் பாரம் சற்றே இறங்கியிருக்கும். படித்தவளுக்கோ, ஒருவழியாக மூடிய காயம் மீண்டும் திறந்துகொள்கிறது. இனி அவளால் அழுது முடிக்கவும் முடியாது, நம்பி மகிழவும் முடியாது. நல்லவர்களின் அரைகுறை நேர்மை அடுத்தவருக்கு எப்படித் தண்டனையாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படங்கள் குறைவு.

ஆண்டுகள் கழித்து, குழந்தையோடு படகில் கிடைத்த வெள்ளிக் கிலுகிலுப்பையையும் ஹானாவுக்கு அனுப்பிவைக்கிறான். அதை அடையாளம் கண்டவர் சொல்லித்தான் போலீஸ் தீவுக்கு வருகிறது. பிடிபட வேண்டும் என்று அவன் மனத்தின் ஒரு பாதி விரும்பியது என்றே அந்தச் செயலைப் படிக்க முடிகிறது.

ஃபிராங்க் ஏன் கைக்குழந்தையோடு கடலுக்குப் போனான்?

அவனை ஜெர்மானியன் என்று பழித்துக் குடிகாரக் கும்பல் ஒன்று துரத்தியதால். நாவலில் அது நடக்கும் நாள் ஏப்ரல் 25, அன்சாக் தினம். போரில் மாண்ட படைவீரர்களை நினைவுகூரும் நாள்.

படம் இதை வேகமாகக் கடந்துவிடுகிறது. அதுவே எனக்கு மனக்குறை. போர்க்காலத்தில் ஆஸ்திரேலியா ஏறத்தாழ 7,000 பேரை எதிரிநாட்டவர் என்று முகாம்களில் அடைத்தது. அவர்களில் பலர் போருக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ராட்னெஸ்ட் தீவிலும் அப்படியொரு முகாம் இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சட்டம் போட்டே ஜெர்மன் ஊர்ப்பெயர்களை மாற்றினார்கள். துப்பாக்கிகள் ஓய்ந்து ஆண்டுகள் ஆன பிறகும் ஃபிராங்க் என்ற ரொட்டிக் கடைக்காரனைத் தெருவில் விரட்டும் வெறி அங்கிருந்து வந்ததுதான். டாம், இஸபெல், ஹானா மூவரின் துயரத்துக்கும் ஊற்று ஒன்றே. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர், கையில் அகப்பட்ட ஒரு அந்நியன்மீது பழிதீர்த்துக்கொண்டது. ஹானா சார்பில் ஊரே கொதிக்கும்போது, அவள் கணவனைக் கடலுக்குத் துரத்தியதும் அதே ஊர்தான் என்று ஒருவரும் பேசுவதில்லை.

இஸபெல் கணவன்மீது கொலைப்பழி விழ விட்டது நம்பும்படி இருக்கிறதா?

படகில் இருந்தவன் கரைசேரும்போதே பிணமா, இல்லையா என்று போலீஸ் கேட்கிறது. பதில் தெரிந்த ஒரே சாட்சி அவள். டாமோ எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, மனைவியை மிரட்டிப் பணியவைத்ததாகச் சொல்லிவிட்டான். அவள் மறுக்கவில்லை. தூக்குக்கயிறு வரை போகக்கூடிய மௌனம் அது.

இதைப் பலர் மன்னிப்பதே இல்லை. நான் அவளைக் கொஞ்சம் நம்புகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு, பறிபோகக் காரணமானவன் கணவன் என்று தெரிந்த அந்த நாட்களில் நியாயம் பேசும் தெம்பு எங்கிருந்து வரும்? டாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைக் கடைசியில் அவள் பிரித்துப் படித்து, அவனை ஏற்றிக்கொண்டு புறப்படவிருக்கும் படகை நோக்கி ஓடுகிறாள். அதுவரை அவள் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்ததுதான் முக்கியம். பிரித்தால் இளகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

படம் யார் பக்கம்? பெற்றவளா, வளர்த்தவளா?

இரண்டு பக்கமும் சாயாமல் இருக்கப் பாடுபடுகிறது, பெரும்பாலும் வெல்கிறது. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தை டாம், இஸபெல் இருவரோடு மட்டுமே கழிக்கிறோம். புயலடிக்கும் இரவில் இஸபெல் தவழ்ந்துபோய்க் கோபுரக் கதவைத் தட்ட, உள்ளே விளக்கைக் காத்துக்கொண்டிருக்கும் கணவனுக்குக் கேட்காமல் போவதைப் பார்த்தவர்கள் வேறு யார் பக்கம் நிற்பார்கள்? ஹானா வரும்போது நம் மனம் ஏற்கெனவே குடியேறிவிட்டது. இது திரைக்கதையின் சாய்வு, கதையின் சாய்வு அல்ல. ஹானாவின் வீட்டிலிருந்து இதே கதையைத் தொடங்கியிருந்தால் நாம் இஸபெல்லைத் திருடி என்று சொல்லியிருப்போம்.

குழந்தை? அவளைப் பற்றி யாருமே கேட்பதில்லையே?

கேட்டதற்கு நன்றி. ‘பெற்றவளா, வளர்த்தவளா’ என்ற வழக்கில் வாதியும் பிரதிவாதியும் இருக்கிறார்கள். குழந்தை வழக்குப் பொருளாகிவிடுகிறது. நான்கு வயதில் அவளை ஒரு நாள் அம்மாவின் கையிலிருந்து பிரித்து, முன்பின் தெரியாத பெண்ணிடம் கொடுத்து, இவள்தான் உன் அம்மா, உன் பெயர் லூசி இல்லை, கிரேஸ் என்கிறார்கள். அந்த வீட்டில் அவளுக்குக் கடல் சத்தம் கேட்பதில்லை. ஹானா தொட வந்தால் சுருங்கிக்கொள்கிறாள். ஒரு நாள் கலங்கரை விளக்கத்தைத் தேடி வீட்டை விட்டே போய்விடுகிறாள். ஊர் முழுக்கத் தேடி, தூங்கிக்கொண்டிருப்பவளைத்தான் கண்டெடுக்கிறார்கள்.

அவள் மூன்று பேரை ஒரே நாளில் இழந்தவள்: அப்பா, அம்மா, லூசி. இந்த இழப்பைப் பேச அன்று யாரிடமும் சொல் இல்லை. பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளின் மனநிலை பற்றி பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய புகழ்பெற்ற அறிக்கை வந்தது 1951இல். கதையின் கடைசிக் காட்சி நடப்பது 1950இல். அதாவது, லூசி-கிரேஸ் வளர்ந்து தாயாகும்வரை அவளுக்கு நேர்ந்ததை உலகம் சரியாகக் கவனிக்கத் தொடங்கவே இல்லை.

குழந்தையாக நடித்த ஃப்ளோரன்ஸ் கிளெரி அழும் காட்சிகளில் நடிப்பு என்ற எண்ணமே வராது. இருந்தும், ஹானாவை அவள் மெல்ல ஏற்றுக்கொள்ளும் பருவத்தைப் படம் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஹானாவின் அப்பாவான தாத்தா மட்டும் ஒரு சமாதானம் கண்டுபிடிக்கிறார்: இரண்டு பெயரையும் சேர்த்து லூசி-கிரேஸ் என்று கூப்பிடுகிறார். பெரியவர்கள் அத்தனை பேர் சேர்ந்து குழப்பியதில், குழந்தையிடம் எதையும் பிடுங்காமல் ஒரு காரியம் செய்தவர் அவர்தான்.

நடிப்பு எப்படி?

டாமாக மைக்கேல் ஃபாஸ்பெண்டர், இஸபெல்லாக அலிசியா விகாண்டர், ஹானாவாக ரேச்சல் வைஸ். முதல் இருவரும் இந்தப் படத்தின்போது நெருங்கி, 2017இல் திருமணம் செய்துகொண்டார்கள். தீவின் காதல் காட்சிகளில் உள்ள இயல்புக்கு இதைக் காரணம் காட்டுவோர் உண்டு. விகாண்டர் முதல் பாதியைத் தூக்கி நிறுத்துகிறார். எனக்குப் பிடித்தது வைஸ். மிகக் குறைந்த நேரம்தான் வருகிறார். ஆனால் சொந்த மகள் தன்னைப் பார்த்து அலறும்போது, அந்த முகத்தில் கோபம் வராமல் வெட்கம் வருகிறது. அந்த ஒன்றுக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

அழவைப்பதற்காகவே எடுத்த படம் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. அலெக்சாந்தர் டெஸ்ப்லாவின் இசை அழகானது, ஆனால் சில இடங்களில் நமக்கு முன்னால் அது அழுதுவிடுகிறது. கடலும் அந்தி வானமும் தேவைக்கு மேல் வருகின்றன. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், வசூலும் பிரமாதமில்லை. இரண்டாம் பாதியில் சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மூச்சுவிட இடமில்லை. இதே இயக்குநரின் முந்தைய படங்களில் இருந்த முரட்டுத்தன்மை இதில் மெருகேறி மறைந்துவிட்டது என்ற குறையும் சரிதான்.

ஹானா எப்படி மன்னித்தாள்?

அவள் கணவனின் பேச்சை நினைத்துக்கொண்டு. வெறுப்பதென்றால் தினம் தினம், நாள் முழுக்க வெறுக்க வேண்டும். மன்னிப்பது ஒரு முறைதான் என்பது ஃபிராங்கின் கணக்கு. டாமுக்குத் தண்டனை கிடைத்தால் குழந்தையைத் திருப்பித் தருவதாக இஸபெல்லிடம் சொல்லும் அளவுக்கு அவள் ஒரு கட்டத்தில் போகிறாள். கடைசியில் தண்டனையைக் குறைக்கும்படி அவளே பேசுகிறாள். மன்னிப்பு என்றதும் கட்டித் தழுவல் எதுவும் இல்லை. அந்தப் பெண்கள் தோழிகளாகவும் ஆவதில்லை. நல்லவேளை.

முடிவில் என்ன நடக்கிறது?

1950. இஸபெல் இறந்துவிட்டாள். முதுமையை நெருங்கும் டாமைத் தேடி, கைக்குழந்தையோடு லூசி-கிரேஸ் வருகிறாள். இஸபெல் அவளுக்காக எழுதிவைத்த கடிதத்தை டாம் கொடுக்கிறான். தேடிப் போகக் கூடாது, பிள்ளை வந்தால் வரட்டும் என்று இருவரும் காத்திருந்திருக்கிறார்கள். இஸபெல் உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் அதிகம். இருந்திருந்தால் அது சமரசக் காட்சியாகியிருக்கும், எல்லோருக்கும் கணக்குத் தீர்ந்திருக்கும். தீராமல் விட்டதே சரி.

நாவலுக்கும் படத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டா?

எலும்புக்கூடு ஒன்றுதான். நாவலில் இஸபெல்லின் இழப்புகள் மூன்று. மூன்றாவது, இறந்தே பிறந்த குழந்தை. அதன்பின் இரண்டே வாரத்தில் படகு வருவதாக அமைத்திருப்பதால் அவள் செயல் இன்னும் புரியும்படி இருக்கிறது. ஊரும் அதில் விரிவாக வருகிறது: கிசுகிசு, போர்நினைவு, காவலர், பாட்டி தாத்தாவின் வேதனை. லூசி பிறந்த வீட்டில் பழகும் காலத்தை நாவல் அவசரப்படாமல் சொல்கிறது. முதலில் படம் பார்த்துவிட்டு நாவலுக்குப் போவது நல்லது. மாற்றிச் செய்தால் படம் சுருக்கமாகத் தெரியும்.

கரு கலைந்த துயரத்தைக் கடந்தவர்கள் பார்க்கலாமா?

முன்கூட்டியே தெரிந்துகொண்டு பாருங்கள். இரண்டு காட்சிகளும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வருகின்றன, ரத்தத்தோடும் வலியோடும். பாறை முகட்டில் சின்னஞ்சிறு சிலுவைகள் நட்ட இடத்தைப் படம் பிறகும் காட்டும். அந்த அனுபவத்தை ஒரு வரியில் தாண்டிப் போகாமல் மதித்து எடுத்திருக்கிறார்கள் என்று ஆறுதல் கொண்டவர்களும் உண்டு, பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. கூடவே யாராவது இருக்கும்போது பார்ப்பது மேல். அமெரிக்காவில் இதற்கு பிஜி-13 தரச்சான்று, அதாவது பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோருக்கு எச்சரிக்கை. சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களைப் பயமுறுத்துவது இறந்தவனின் உடல் அல்ல, அம்மாவிடமிருந்து பிரிக்கப்படும் அந்தக் குழந்தையின் அலறல்தான்.